நிறுத்தச் சொல்ல ஆளில்லாத டானிக்குகள்: நான்கு வயதுக் குழந்தை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கொங்குப் பகுதியில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் ஊட்டச்சத்து ஆலோசகராக இருக்கிறேன். கீழே உள்ளது அங்கே நாங்கள் பார்த்த ஒரு குழந்தையின் கதை. குடும்பத்தின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். அளவுகளையும் சோதனை முடிவுகளையும் மாற்றவில்லை.

பின்னணி

திருப்பூருக்கும் காங்கேயத்துக்கும் இடைப்பட்ட ஒரு கிராமம். நாலே கால் வயதுப் பெண் குழந்தை, வீட்டுக்கு ஒரே பிள்ளை. அப்பா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மேற்பார்வையாளர். அம்மா வேறொரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். காலை எட்டரைக்குக் கிளம்பினால் இருவரும் திரும்ப இரவு எட்டாகிவிடும், ஷிப்மெண்ட் நேரத்தில் அதற்கும் மேல். எல்கேஜி விட்டு வந்ததிலிருந்து தூங்கும் வரை குழந்தை அப்பத்தா பொறுப்பு. தோட்டத்தில் இரண்டு கறவை மாடுகள் நிற்கின்றன. சொசைட்டிக்கு ஊற்றியது போக வீட்டில் பாலுக்குக் குறைவே இல்லை.

ஒன்றரை வயதில் தாய்ப்பால் நிறுத்தியதிலிருந்து மாட்டுப்பால்தான் குழந்தைக்கு முக்கிய உணவு. "சோறு திங்க மாட்டேங்குது, பாலாவது குடிக்கட்டும்" என்று தொடங்கியது நாளுக்கு 900 மில்லி வரை போய்விட்டது. ராத்திரி தூங்குமுன் ஒரு புட்டி, விடியற்காலையில் ஒரு புட்டி. பகலில் மால்ட் பவுடர் கலந்து இரண்டு டம்ளர். வயிறு பாலால் நிறைந்த குழந்தை சோற்றைத் தள்ளத்தானே செய்யும்? சோற்றைத் தள்ளுவதால் மறுபடி பால். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது.

குழந்தை சாப்பிடவில்லை என்ற கவலைக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொன்று வாங்கி வந்தார்கள். மூன்று வயதில் சளி விட்டு விட்டுப் பிடித்தபோது அம்மா மருந்துக்கடையில் கேட்டு மல்டிவைட்டமின் சிரப் வாங்கினார். துபாயில் இருக்கும் தாய்மாமன் பொங்கலுக்கு வந்தபோது வைட்டமின் கம்மி (மெல்லும் மிட்டாய் மாதிரியான மாத்திரை) டப்பா இரண்டு கொண்டுவந்தார். கரடி உருவத்தில், ஆரஞ்சு வாசனையோடு இருக்கும். அமுச்சி (அம்மாவின் அம்மா) தன் பங்குக்கு மீன் எண்ணெய் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். குழந்தை விழுங்காது என்பதால் ஊசியால் குத்தி தோசை மேல் பிழிந்துவிடுவார்கள்.

போன வருஷம் ஆவணிக் கடைசியில் ராத்திரி கால் வலி என்று குழந்தை அழுதது. டவுனில் ஒரு மருத்துவரிடம் காட்டி ரத்தம் சோதித்ததில் வைட்டமின் டி 14 நானோகிராம் இருந்தது. 20க்கு மேல் இருப்பது நல்லது. 12 முதல் 20 வரை போதாமை என்று இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் வகுத்திருக்கிறது. 60,000 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) கொண்ட சின்னக் குப்பி வாரம் ஒன்று, ஆறு வாரம். கூடவே கால்சியம் சிரப் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டை நானும் பார்த்தேன். இருந்த குறைக்கு அது சரியான மருந்துதான்.

வந்தபோது கண்டவை

பங்குனிக் கடைசியில் எங்களிடம் கூட்டி வந்தார்கள். சொன்ன முதல் குறை மலச்சிக்கல். மூன்று நாலு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் அழுகையோடு. இரண்டு வாரமாகக் காலையில் வாந்தி. பசி சுத்தமாக இல்லை. மூன்று வயதிலேயே படுக்கையை நனைப்பதை விட்டுவிட்ட குழந்தை மறுபடி நனைக்க ஆரம்பித்திருந்தது. தண்ணீரை மட்டும் சொம்பு சொம்பாகக் குடிக்கிறது என்றார் அப்பத்தா. வெயில் காலம் என்று வீட்டில் யாரும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

எடை 14.2 கிலோ, உயரம் 98 செ.மீ. இரண்டும் உலக சுகாதார நிறுவன வரைபடத்தில் சராசரிக்குக் கீழே, ஆனால் கோட்டுக்குள். நாக்கும் கண் இமையின் உட்புறமும் வெளுத்திருந்தன. உதடு காய்ந்திருந்தது.

பேச்சோடு பேச்சாக அப்பத்தா ஒன்று சொன்னார்: "கோயிலுக்குப் போனா திருநீத்துத் தட்டை உடமாட்டாளுங்க. அள்ளி வாயில போட்டுக்குவா. அவ்வளவு பக்தி." மருத்துவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். வேறென்ன தின்கிறது என்று கேட்டதும் ஒவ்வொன்றாக வந்தது: அரிசி டிரம்மில் கைவிட்டுப் பச்சரிசி, சுவரில் பெயர்ந்த சுண்ணாம்பு, பள்ளியில் சாக்பீஸ். உணவல்லாததைத் தேடித் தின்பது இரும்புச்சத்துக் குறைவின் பழைய அடையாளம்.

வெளுப்புக்கும் கண்டதைத் தின்பதற்கும் இரும்புக் குறைவு காரணமாக இருக்கலாம். ஆனால் அதிக தாகம், அதிகச் சிறுநீர், காலை வாந்தி மூன்றும் அதற்குள் அடங்கவில்லை. மருத்துவர் முதலில் சர்க்கரை நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். அப்புறம் கேட்ட கேள்விதான் திருப்பம்: "வீட்டில் வேறென்ன மருந்து கொடுக்கிறீங்க?" பதில், "மருந்து ஒண்ணும் இல்லீங்க." டானிக்? "ஓ, அதுங்களா!"

அப்பா பைக்கில் போய் எல்லாவற்றையும் எடுத்து வந்தார்.

கட்டைப் பையில் இருந்தவை

ஜவுளிக்கடைக் கட்டைப் பை ஒன்று. மல்டிவைட்டமின் சிரப், கால்சியம் சிரப், கம்மி டப்பா, மீன் எண்ணெய் மாத்திரை, மால்ட் பவுடர் டப்பா, அட்டைப் பெட்டியில் வைட்டமின் டி குப்பிகள் மூன்று. மூன்று குப்பிகள் ஏன் மிச்சமிருக்கின்றன என்று கேட்டேன். ஆறு வாரம் என்றால் ஐப்பசியிலேயே முடிந்திருக்க வேண்டும்.

பெட்டியின் மேல் கடைக்காரர் நீல மையில் "வாரம் 1" என்று எழுதியிருந்தார். அதுதான் அப்பத்தாவுக்குத் தெரிந்த விதி. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்ததும் ஒரு குப்பி என்று தவறாமல் கொடுத்து வந்திருக்கிறார். "ஆறு வாரம்" என்பது சீட்டில் மட்டும் இருந்தது. சீட்டு பீரோவில் இருந்தது. குப்பி தீரத் தீர அப்பா காலிப் பெட்டியைக் காட்டி வாங்கி வந்தார், கடையிலும் கொடுத்தார்கள்.

எத்தனை குப்பி போயிருக்கும் என்று கேட்டபோது யாருக்கும் நிச்சயமில்லை. காலிக் குப்பிகளைக் குழந்தை செப்புச் சாமானோடு வைத்து விளையாடுவதால் அப்பத்தா எறியவில்லை. மறுநாள் அப்பா எண்ணி வந்து சொன்னார்: 27. கொடுக்கச் சொன்னது 6.

இன்னொன்றும் அப்போதுதான் வெளியே வந்தது. கிராமச் சுகாதாரச் செவிலியர் முன்பு இரும்புச் சிரப் கொடுத்திருக்கிறார். அரசுத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை ஒரு மில்லி, அதில் 20 மி.கி. இரும்பு. நாலைந்து வேளை கொடுத்ததும் மலம் கறுப்பாகப் போயிருக்கிறது, பல்லில் கறை படிந்திருக்கிறது. பயந்துபோய் நிறுத்திவிட்டார்கள். பையிலிருந்த எந்தப் பாட்டிலிலும் இரும்பு இல்லை. லேபிள் ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கூட்டல் கணக்கு

இதை மேசையில் உட்கார்ந்து அப்பாவையே போடச் சொன்னேன். அளவுகள் ஒவ்வொரு லேபிளிலும் ஒவ்வொரு அலகில் இருந்ததால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. குப்பியிலும் சிரப்பிலும் ஐ.யு. கம்மியில் மைக்ரோகிராம். வைட்டமின் டியில் ஒரு மைக்ரோகிராம் என்றால் 40 ஐ.யு. "பத்து மைக்ரோகிராம்" என்று கம்மி டப்பாவில் பார்த்து ரொம்பக் குறைவு என்று நினைத்திருந்தார். அது 400 ஐ.யு.

60,000 ஐ.யு. குப்பி வாரம் ஒன்று என்றால் நாளுக்குச் சுமார் 8,570. மல்டிவைட்டமின் 400. கால்சியம் சிரப்பில் இருந்த டி, இரண்டு வேளைக்கும் சேர்த்து 250. கம்மி இரண்டு போதும் என்று டப்பாவில் இருந்தாலும் அடம்பிடித்து நாலு வாங்கித் தின்னும் என்பதால் 800. ஆக மால்ட் பவுடரையும் மீன் எண்ணெயையும் சேர்க்காமலே நாளுக்கு 10,000க்கு மேல். இந்த வயதுக் குழந்தைக்குத் தேவை 600 ஐ.யு. நான்கு முதல் எட்டு வயதுக்கு அமெரிக்க நிபுணர் குழு வைத்த தினசரி உச்ச வரம்பு 3,000.

வைட்டமின் ஏ மல்டிவைட்டமினில் 2,500 ஐ.யு., நாலு கம்மியில் 800 மைக்ரோகிராம், அதாவது 2,600க்கு மேல். இந்த வயதுக்கு உச்ச வரம்பு 900 மைக்ரோகிராம், ஏறத்தாழ 3,000 ஐ.யு. மீன் எண்ணெயில் இருந்தது தனி. இதெல்லாம் போக, அரசு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் 2 லட்சம் ஐ.யு. வைட்டமின் ஏ திரவமும் குழந்தைக்குப் போயிருந்தது. அந்தத் திட்டத்தில் தப்பில்லை. வேறெங்கிருந்தும் ஏ கிடைக்காத குழந்தைகளை மனதில் வைத்துப் போட்ட அளவு அது.

கால்சியம் பாலில் மட்டும் ஆயிரத்தைத் தாண்டியது (100 மில்லியில் சுமார் 120 மி.கி.), சிரப்பில் 500. ஐ.சி.எம்.ஆர்.-என்.ஐ.என். (தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்) 2020 பரிந்துரைப்படி நான்கு முதல் ஆறு வயதுக்குத் தேவை 550 மி.கி.

இரும்புக்கு வந்தபோது எழுத அதிகம் இல்லை. தேவை 11 மி.கி. முந்தின நாள் சாப்பாடு: இரண்டு இட்லி, மத்தியானம் நாலு வாய் அரிசிம்பருப்புச் சாதம், சாயங்காலம் அப்பத்தாவின் டீயில் தோய்த்த வர்க்கி, ராத்திரி பால். மூன்று மி.கி. தேறினால் பெரிது. அதிலும் பாலும் டீயும் சேர்ந்து, உடலில் சேரவிருந்ததையும் குறைத்திருக்கும்.

அப்பா கால்குலேட்டரை மூடிவைத்துவிட்டு, "எதுவுமே தப்பான மருந்து இல்லையே மேடம்" என்றார். உண்மைதான். தனித்தனியாக எடுத்தால் குப்பியைத் தவிர எதுவும் வரம்பு மீறியதில்லை. குப்பியும் தொடங்கியபோது சரியாகத்தான் இருந்தது.

சோதனை முடிவுகள்

ரத்தக் கால்சியம் டெசிலிட்டருக்கு 11.9 மி.கி.; 10.8க்குள் இருக்க வேண்டியது. வைட்டமின் டி 138 நானோகிராம். 100க்கு மேல் போய்க் கால்சியமும் ஏறியிருந்தால் நச்சளவு என்று கொள்வது வழக்கம். ரத்தக் கால்சியத்தை ஏற்றும் பாராதைராய்டு சுரப்பியின் ஹார்மோன் மிகவும் தாழ்ந்திருந்தது. கால்சியம் ஏறியதற்குக் காரணம் அந்தச் சுரப்பி அல்ல, வெளியிலிருந்து போன வைட்டமின் டி என்பதற்கு இது சான்று. சிறுநீரில் கால்சியம் அதிகம். ஸ்கேனில் சிறுநீரகத்தில் படிவு ஏதும் இல்லை. அதைக் கேட்டபிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது.

ஹீமோகுளோபின் 8.7. இந்த வயதில் 11க்குக் கீழே ரத்தசோகை, 7 முதல் 9.9 வரை நடுத்தரம். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் வெறும் 5, சிவப்பணுக்களின் அளவு சிறியது.

தாகம், சிறுநீர், வாந்தி, மலச்சிக்கலின் பெரும்பகுதி: கால்சியம். வெளுப்பு, திருநீறு, சுண்ணாம்பு: இரும்பு. பசியின்மையை இரண்டும் பங்குபோட்டுக்கொண்டன, பாலும் கூடச் சேர்ந்துகொண்டது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பையிலிருந்த எல்லாவற்றையும் அன்றே நிறுத்தினோம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமா என்று அம்மா கேட்டார். ஏ, டி இரண்டும் கொழுப்பில் கரைந்து உடம்பில் தங்குபவை. நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் சேமிப்பிலிருந்து வந்துகொண்டிருக்கும். படிப்படியாகக் குறைக்க அவசியம் இல்லை.

குழந்தையை இரண்டு இரவு உள்நோயாளியாகச் சேர்த்து சலைன் ஏற்றினார்கள். கால்சியம் 12க்குக் கீழே இருந்ததால் வீட்டிலேயே நிறையத் தண்ணீர் கொடுத்துப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது. வாந்தி எடுக்கும் குழந்தை, சிறுநீரில் நீரை இழந்துகொண்டிருக்கிறது, பங்குனி வெயில். மருத்துவர் அதற்கு ஒப்பவில்லை. இரண்டாம் நாள் 11.1க்கு இறங்கியதால் ஸ்டீராய்டு வரை போக வேண்டியிருக்கவில்லை.

இரும்பை உடனே தொடங்கவில்லை. வாந்தியும் மலச்சிக்கலும் இருக்கும்போது இரும்புச் சிரப்பையும் கொடுத்தால், எதனால் எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. முன்பு ஒருமுறை பயந்து நிறுத்திய வீடு வேறு. முதல் வேளையிலேயே வாந்தி வந்தால் மறுபடி அந்தப் பாட்டிலைத் திறக்க மாட்டார்கள். ஐந்து நாள் கழித்து, கிலோவுக்கு 3 மி.கி. கணக்கில் நாளுக்கு ஒரே வேளையாகத் தொடங்கினோம். சிரப் லேபிளில் உப்பின் அளவும் அதிலுள்ள இரும்பின் அளவும் தனித்தனியாக இருக்கும். இரும்பின் அளவைப் பார்த்து மில்லியைக் கணக்கிட வேண்டும்.

சாப்பாட்டில் எடுத்த சில முடிவுகள் வீட்டாருக்கு விசித்திரமாகப் பட்டன. எங்கள் பக்கம் பிள்ளை மெலிந்தால் ராகிக்கூழ்தான் முதல் வைத்தியம். ராகியில் 100 கிராமுக்கு 360 மி.கி.க்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதனாலேயே அதை ஒரு மாதம் தள்ளிவைக்கச் சொன்னேன். அதன் இடத்தில் கம்பு. இரும்பு ராகியை விட அதிகம், கால்சியம் மிகக் குறைவு. கம்மஞ்சோற்றைத் தயிரில் கரைக்காமல் கொள்ளுப் பருப்போடு பிசைந்து கொடுக்கச் சொன்னேன்.

ரத்தம் குறைவு என்றதும் அப்பாரு (அப்பாவின் அப்பா) ஞாயிற்றுக்கிழமை ஆட்டு ஈரல் வாங்கக் கிளம்பிவிட்டார். வேறு எந்தக் குழந்தையாக இருந்தாலும் நல்லது என்றிருப்பேன். ஈரலில் இரும்பு இருக்கிற மாதிரியே வைட்டமின் ஏயும் குவிந்திருக்கிறது. இந்தக் குழந்தைக்கு அது இப்போது வேண்டாம். சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கச் சொன்னேன். இரும்பு ஈரலை விட அதிகம், ஏ பெயருக்குக்கூட இல்லை. நல்லெண்ணெயில் மிளகு சீரகம் போட்டு வதக்கினால் குழந்தை தின்னும் என்று அவரே வழியும் சொன்னார்.

அப்படியானால் முருங்கைக்கீரை, பப்பாளி, கேரட் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டுமா என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. காய், கீரையில் இருப்பது ஏ ஆக மாறக்கூடிய கரோட்டின். உடம்பு தேவைக்கு ஏற்பத்தான் அதை மாற்றிக்கொள்ளும். மாத்திரையிலும் ஈரலிலும் இருப்பது மாறி முடிந்த ஏ. பப்பாளி தொடரட்டும் என்றேன். முருங்கைக்கீரையில் கால்சியமும் அதிகம் என்பதால் அதை மட்டும் ராகியோடு சேர்த்து ஒரு மாதம் தள்ளினோம்.

அடுத்து வரவிருந்த அரசு வைட்டமின் ஏ தவணையைத் தள்ளிவைக்கும்படி மருத்துவர் செவிலியருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் நடந்தது

பாலை 300 மில்லியாகக் குறைப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. அப்பத்தா நேராகவே கேட்டார்: "ஏனுங் அம்மிணி, பாலு குடிச்சா ரத்தம் ஊறாதுங்களா? நாங்க எல்லாம் பாலு குடிச்சு வளந்தவங்கதானுங்." "பால் கெடுதல் இல்லீங்க ஆத்தா, நீங்க பாலோட சோறும் கொள்ளும் கம்பும் தின்னு வளந்தீங்க. பாப்பா பாலு மட்டும் குடிக்குது" என்றேன். அவர் உடனே ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் இரும்பு டானிக்கால் மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம், டிராப்பரை நாக்கின் பின்பக்கம் வைத்து விட்டுவிட்டு வாய் கொப்பளிக்க வைத்தால் பல் கறுக்காது என்று முன்கூட்டியே சொன்னபோது, "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன் நிறுத்தறேன்" என்று கோபப்பட்டார். அந்தக் கோபம் எனக்கு நம்பிக்கை கொடுத்தது.

புட்டியை எடுத்த முதல் மூன்று இரவும் குழந்தை அழுது தீர்த்தது. நாலாம் நாள் அம்மா லீவு போட்டுக் கூட இருந்தார். தண்ணீர் கலந்து ஏமாற்ற வேண்டாம், டம்ளரில் காலை ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று முடிவானது. ஒரு வாரம் குழந்தை பாலும் குடிக்காமல் சோறும் சரியாகத் தின்னாமல் இருந்தபோது அப்பத்தாவிடமிருந்து தினமும் போன் வந்தது. எட்டாம் ஒன்பதாம் நாளில் மத்தியானம் தானாகவே "சோறு" என்று கேட்டிருக்கிறது.

இரும்புச் சிரப்பை பள்ளி விட்டு வந்ததும், சாப்பாட்டுக்கும் பாலுக்கும் நடுவில், எலுமிச்சைச் சாற்றோடு கொடுத்தார்கள். சில நாள் கொய்யா. டீயில் வர்க்கி தோய்ப்பது நின்றது. அப்பத்தா தன் டீயைக் குழந்தை பள்ளியில் இருக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டார். கம்மி டப்பாவைப் பூட்டி வைக்கச் சொன்னபோதே இரும்புச் சிரப்பையும் பூட்டச் சொன்னோம். மிட்டாய் ருசியில் மருந்து தின்று பழகிய குழந்தை இனிப்பான இரும்புச் சிரப்பை ஒரே மூச்சில் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

தொடர்ந்தவை

இரண்டாம் வாரத்தில் கால்சியம் 10.6. தாகமும் படுக்கை நனைப்பதும் அதற்கு முன்பே நின்றுவிட்டன. மலச்சிக்கல் சரியாக மூன்று வாரம் ஆனது. திருநீறு, பச்சரிசி மேல் இருந்த ஆசை இரும்பு தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் விட்டுப்போனது. ஹீமோகுளோபின் ஏறுமுன்பே இந்த ஆசை போவதை வேறு குழந்தைகளிடமும் பார்த்திருக்கிறேன்.

ஹீமோகுளோபின் ஒரு மாதத்தில் 9.9, மூன்று மாதத்தில் 11.6. வைட்டமின் டி மட்டும் மெதுவாகத்தான் இறங்கியது: ஆறு வாரத்தில் 96, நாலு மாதத்தில் 52. எடை 15.6 கிலோ.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கால் வலி மாதத்தில் ஒன்றிரண்டு ராத்திரி இன்னும் வருகிறது, தேய்த்துவிட்டால் தூங்கிவிடுகிறது. பகலில் ஓடியாடுவதில் குறை இல்லாததால் வளர்ச்சிக் கால வலி என்று மருத்துவர் விட்டுவைத்திருக்கிறார். கீரையைக் குழந்தை இன்றுவரை தொடுவதில்லை. மால்ட் பவுடர் ஒரு வேளைக்கு மறுபடி வந்துவிட்டது. அதில் நான் சண்டை போடவில்லை, மொத்தக் கணக்கில் இப்போது அதற்கு இடம் இருக்கிறது.

இனி மாற்றுவது

கால் வலிக்கு டி பார்த்த அன்றே ஹீமோகுளோபினும் பார்த்திருந்தால் ரத்தசோகை ஆறேழு மாதம் முந்தித் தெரிந்திருக்கும். வெளுத்த, பால் மட்டும் குடிக்கிற குழந்தைக்கு அந்தச் சோதனைதான் முதலில் வர வேண்டும். ஆனால் இந்த நிகழ்வில் என் கண்ணில் பெரிதாகப் பட்டது வேறு. ஆறு பொருளையும் தொடங்கி வைக்க ஆள் இருந்தது: மருத்துவர், கடைக்காரர், மாமன், அமுச்சி, விளம்பரம். நிறுத்தச் சொல்ல வேண்டிய வேலை யார் கையிலும் இல்லை. வாராவாரம் தவறாமல் கொடுத்த அப்பத்தாவைக் குறை சொல்ல எதுவும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்தவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் மருத்துவமனையில் இப்போது எந்த வைட்டமின் எழுதினாலும் நிறுத்தும் தேதியைத் தமிழில் ஸ்டிக்கரில் எழுதி பாட்டிலிலேயே ஒட்டுகிறோம். தேதியோடு கிழமையும் இருந்தால் பாட்டிமார்களுக்குச் சௌகரியம். 60,000 குப்பி என்றால் தேவையான எண்ணிக்கையைச் சீட்டில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, "மறுபடி கொடுக்க வேண்டாம்" என்று கடைக்கும் ஒரு வரி. பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஒருவர், காலி டப்பாவைக் காட்டிக் கேட்கிறவரிடம் எப்படி இல்லையென்று சொல்வது, அடுத்த கடையில் வாங்கிவிடுவாரே என்றார். அதற்கு எங்களிடம் முழுப் பதில் இல்லை.

சேர்க்கை நேரத்தில் "என்ன மருந்து கொடுக்கிறீர்கள்" என்பதோடு, டானிக், கம்மி, பவுடர், மீன் எண்ணெய், நாட்டு மருந்து என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறோம். அப்பாயின்ட்மென்ட் போனிலேயே எல்லாப் பாட்டிலையும் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறோம். கூட்டலைப் பெற்றோர் கையாலேயே போட வைப்பது பத்து நிமிடம் அதிகம் பிடிக்கிறது. நான் போட்டுக் காட்டுவதைவிட அது வேலை செய்கிறது.

இந்தக் குழந்தைக்கு இரும்பு புரட்டாசிக் கடைசி வரை தொடரும். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப இரண்டு மூன்று மாதம் வேண்டும். அப்போதும் சிவப்பணுக்கள் சிறியதாகவே இருந்தால் தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டுக்குச் சோதிக்க வேண்டும். வைட்டமின் டியை மார்கழியில் மறுபடி பார்ப்பார்கள். அதுவரை டி எதுவும் கிடையாது. அப்போது 20க்குக் கீழே போயிருந்தால் தினமும் கொடுக்கும் சிறிய அளவுச் சொட்டு மருந்துதான்; குப்பி வேண்டாம் என்று கோப்பில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது.